புருலின் இரண்டு மீட்டர் கண்ணாடி

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் முடி திருத்தும் கடை வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று, பூம் கணவாய்ப் பக்கமிருந்து இன்னொரு காற்று, இரண்டும் ஊருக்கு நடுவில்தான் முட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சுருட்டி, சீவி, ஸ்பிரே அடித்து அனுப்பிய தலை தெருமுனை போவதற்குள் வைக்கோல் போராகிவிடும். புருல் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "நாற்காலியை விட்டு எந்திரிக்கிற வரைக்கும்தான் என் பொறுப்பு. வாசலைத் தாண்டிட்டா அது ஆண்டவன் பொறுப்பு" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

ஊரில் இன்னும் நான்கு கடைகள் இருந்தாலும் பெண்கள் அவளிடமே வந்ததற்குக் காரணம் அவள் கை என்று சிலர் சொல்வார்கள், அவள் வாய் என்று சிலர் சொல்வார்கள். புருலைக் கேட்டால் கண்ணாடி என்பாள். இரண்டு மீட்டர் உயரம், தரையிலிருந்து கிளம்பி விட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். பதினோரு வருடம் முன்னால் தலைநகர் பிஷ்கெக்கில் வாங்கியது. அவள் கணவன் எசென் அந்தத் தடத்தில்தான் வேன் ஓட்டுகிறான். வாங்கும்போதே அவன் முணுமுணுத்தான்.

"ஒரு மீட்டர்ல வாங்கினா போதாதா? மடியில வச்சுக் கொண்டு போயிடலாமே."

"ஒரு மீட்டர்ல இடுப்பு வரைக்கும்தான் தெரியும். பாதி ஆளுக்கா நான் அலங்காரம் பண்றேன்?"

"கொஞ்சம் தள்ளி நின்னா முழுசாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

"எவ்வளவு தள்ளி? ரயில்வே ஸ்டேஷன் வரைக்குமா?"

கண்ணாடி கம்பளி மெத்தைகளில் சுற்றப்பட்டு, மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, சாய்ந்து நின்றபடியே வந்தது. கணவாய் வளைவுகளில் பயணிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கடை வாசலில் நிலைச்சட்டத்தைக் கழற்றித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. அன்று முதல், வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், அது உருளைக்கிழங்கைப் பற்றியதாகவே இருந்தாலும், எசென் சுற்றி வளைத்து அந்தக் கண்ணாடியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவான். "ஒரு மீட்டர் போதும்னு அப்பவே சொன்னேன்" என்பான். புருல் தலையைத் திருப்பக்கூட மாட்டாள். அதில் அவன் தோற்றுப்போனவன் என்பது முடிவான விஷயம் அவளுக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், நாற்பத்தேழாவது வயதில், தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சிகையலங்காரம் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். புருல் நல்ல மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே அலுவலக அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் பள்ளி இறுதிச் சான்றிதழைக் கேட்டாள்.

புருலிடம் அது இல்லை. அவள் ஒன்பதாவது படித்த குளிர்காலத்தில் பழைய ஆட்சி கவிழ்ந்து நாடே தலைகீழாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கணப்புக் கரி தீர்ந்துபோய்ப் பேனா மை உறைந்தது. பௌதிகத்தில் ஒலிப் பாடம் முடிந்து ஒளிப் பாடம் தொடங்குவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். திறந்தபோது அவள் ரயில் நிலையத்தில் அம்மாவோடு கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். திரும்பப் போகவில்லை.

"முப்பது வருஷமா முடி வெட்டுறேன். ஒருத்தரும் என்கிட்ட பௌதிகம் கேட்டதில்ல" என்றாள் அந்த அம்மாளிடம்.

"நானும் கேட்கலையே. சான்றிதழைத்தான் கேட்கிறேன்" என்றாள் அவள்.

ஆகவே புருல் மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பகலில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்துபோன பெஞ்சில், முட்டி மேசையில் இடிக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜூரா. புருலின் கடைக்கு எதிரே சாலையோரம் கருவாடும் புகைபோட்ட மீனும் விற்கிறவள். துணைக்கு வருகிறேன் என்று வந்து மாட்டிக்கொண்டவள். போன இலையுதிர் காலத்தில் எசென் வேனைப் பின்னால் எடுக்கும்போது அவள் மீன் தட்டியை இடித்துச் சாய்த்துவிட்டான். அதை ஜூரா மன்னித்துவிட்டாள். மன்னித்துவிட்டதாக வாரத்துக்கு இரண்டு முறை சொல்லவும் செய்தாள்.

பௌதிக வாத்தியார் எர்மெக்குக்கு இருபத்தைந்து வயது, உச்சந்தலையில் இரட்டைச் சுழி. அந்தச் சுழியைப் படிய வைக்க நான்கு வருடமாகப் புருல் பாடுபடுகிறாள். கடையில் அவன் அவளுக்குத் தம்பி. அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இப்படித் திரும்பு, அப்படிக் குனி என்பாள். வகுப்பில் அவன் முகாலிம், மரியாதைக்குரிய வாத்தியார். கரும்பலகைப் பக்கம் அவன் திரும்பும்போதெல்லாம் சுழி நட்டுக்கொண்டு நிற்பது தெரியும். புருல் மூன்று வாரத்தில் பாதிப் பாடத்தை அதைப் பார்த்தே கழித்தாள்.

ஏப்ரலில் ஒளி வந்தது. எர்மெக் பலகையில் ஒரு கோடு போட்டு அதைக் கண்ணாடி என்றான். இன்னொரு கோடு சாய்வாக வந்து அதில் பட்டது. "என்ன கோணத்துல வந்து விழுதோ அதே கோணத்துல திரும்பிப் போகும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். இது விதி."

"இது எனக்குத் தெரியுமே" என்றாள் புருல்.

"எப்படித் தெரியும்?"

"நாற்காலியில உக்காந்திருக்கிறவ கண்ணு எனக்குக் கண்ணாடியில தெரிஞ்சா, என் கண்ணும் அவளுக்குத் தெரியும். அதனால முகம் சுளிக்கணும்னா ஒரு அடி இடது பக்கம் தள்ளிப் போய்ச் சுளிப்பேன். போன வழியிலேயே திரும்பி வருமில்ல, முகாலிம்?"

எர்மெக் பலகையில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். "சரிதான். போன வழியே திரும்பவும் வரும். அது அடுத்த பாடம்" என்றான். அதற்கப்புறம் அவன் புருல் பக்கம் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் எச்சரிக்கை வந்துவிட்டது.

அடுத்த பாடத்தில், பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில் பிம்பம் ஆடிக்குப் பின்னால் இருக்கும் என்று சொன்னான். என் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் பக்கத்து வீட்டுக்காரன் படுக்கையறை அல்லவா இருக்கிறது என்று புருல் கேட்டாள். வகுப்பே சிரித்தது. "அதனாலதான் அது மாய பிம்பம், அக்கா. அங்க உண்மையில வெளிச்சம் போகல. போன மாதிரி நம்ம கண்ணுக்குத் தோணுது, அவ்வளவுதான்" என்றான். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நல்லதுதான் என்று நோட்டில் எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகு குவியாடி வந்தது. வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி. நிறைய இடத்தைக் காட்டும், எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டும். வண்டிகளின் பக்கவாட்டில் வைப்பது அதைத்தான். சின்னதாகத் தெரிவதால் பின்னால் இருப்பது தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வோம் என்று எர்மெக் சொல்லி வாயை மூடவில்லை, ஜூரா கையைத் தூக்கிவிட்டாள்.

"ஒரு மீன் தட்டி இருக்குன்னு வச்சுக்குங்க, முகாலிம். அதுவும் தூரமாத்தான் தெரியுமா?"

"தெரியும்."

ஜூரா திரும்பிப் புருலைப் பார்த்தாள். புருல் ஜன்னலைப் பார்த்தாள்.

இதெல்லாம் சுமுகமாகப் போனது. சிக்கல் இடவலத்தில் வந்தது. கண்ணாடி இடத்தை வலமாக, வலத்தை இடமாக மாற்றிக் காட்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததை எர்மெக் வாசித்தான். புருல் எழுந்து நின்றாள்.

"இடம் வலம் மாறுதுன்னா, மேல கீழ ஏன் மாறல?"

"எப்படி அக்கா?"

"என் தலை கண்ணாடியிலயும் மேலதானே இருக்கு. காலு கீழ. கண்ணாடிக்கு எப்படித் தெரியும், இது பக்கவாட்டு, இது உசரம்னு? நான் படுத்துக்கிட்டுப் பார்த்தா என்ன பண்ணும்?"

எர்மெக் சுண்ணாம்புக் கட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். பலகையில் ஓர் ஆளை வரைந்தான், அழித்தான். கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவனை இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை போலும். "நாளைக்குச் சொல்றேன்" என்றான். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான்.

புருலுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜூராவிடம் அதையே சொன்னாள். ராத்திரி இறைச்சிக் கொழுக்கட்டை வேக வைக்கும்போது எசெனிடமும் சொன்னாள். "அந்தப் பையனை நீ முடி வெட்டும்போது மட்டும் வதைச்சா போதாதா?" என்றான் அவன்.

எர்மெக் மறுநாள் வகுப்பு வரை பொறுக்கவில்லை. காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான். முடி வெட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நேரே பெரிய கண்ணாடி முன்னால் போய் நின்று, "இங்க வாங்க அக்கா" என்றான்.

"கையை அடுப்பு இருக்கிற பக்கம் நீட்டுங்க."

நீட்டினாள்.

"கண்ணாடிக்குள்ள இருக்கிறவ எந்தப் பக்கம் நீட்டுறா?"

"அடுப்புப் பக்கம்தான்."

"அப்ப இடம் வலம் மாறலையே. மேல காட்டுங்க. அவளும் மேலதான் காட்டுறா. இப்பக் கண்ணாடியைப் பார்த்து நேரா விரலை நீட்டுங்க."

புருல் நீட்டினாள். உள்ளே இருந்தவள் புருலைப் பார்த்து நீட்டினாள். இரண்டு விரலும் ஒன்றை ஒன்று குத்த வருவதுபோல் நின்றன.

"மாறுறது அது ஒண்ணுதான். முன்னும் பின்னும். அவ நம்மைப் பார்த்துத் திரும்பி நிக்கிற வேற ஒரு ஆளுன்னு நாம நினைச்சுக்கிறோம். அதனாலதான் கை மாறிப்போச்சுன்னு தோணுது. புத்தகம் எழுதினவரும் அப்படித்தான் நினைச்சிருக்கார்."

புருல் விரலை மடக்கவில்லை. அவளுக்கு வேறொன்று புரிந்துகொண்டிருந்தது. புதிதாகத் தொழில் பழகுகிற பெண்கள் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் பின்முடியைத் தாங்களே வெட்டிப் பார்ப்பார்கள். கத்தரியைப் பக்கவாட்டில் நகர்த்துவதில் தப்பே வராது. அருகே கொண்டுவரப் போனால்தான் விலகிப் போகும். கை வளையாத பெண்கள் என்று அவள் இத்தனை நாள் திட்டியிருக்கிறாள்.

"அப்படின்னா அதுங்க மேல தப்பில்ல" என்றாள்.

"எதுங்க மேல?"

"உங்களுக்கில்ல தம்பி, உக்காருங்க. அந்தச் சுழியைக் கொஞ்சம் பார்க்கிறேன்."

இப்படி ஒருவருக்கொருவர் சரியாகிவிட்ட நேரத்தில்தான் வீட்டுப்பாடத்தில் அந்தக் கணக்கு வந்தது. நூற்று அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் தன்னை முழுவதும் பார்க்கத் தேவையான சமதள ஆடியின் மிகக் குறைந்த உயரம் என்ன? புருலின் உயரமும் நூற்று அறுபதுதான். அவள் யோசிக்காமல் நூற்று அறுபது என்று எழுதினாள். புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தாள். எண்பது.

அச்சுப் பிழை என்று முடிவு செய்தாள். ஜூராவின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அதிலும் எண்பது. பிழையை எல்லாப் புத்தகத்திலும் அடித்து வைத்திருக்கிறார்கள் என்றாள் ஜூராவிடம்.

ஆனாலும் மறுநாள் மத்தியானம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கதவைத் தாழிட்டாள். கண்ணாடி முன் கையெட்டும் தூரத்தில் நிமிர்ந்து நின்று, உச்சந்தலை தெரிகிற இடத்தில் உதட்டுச்சாயத்தால் ஒரு கோடு போட்டாள். செருப்பு நுனி தெரிகிற இடத்தில், தலையை அசைக்காமல், கையை மட்டும் கீழே இறக்கி இன்னொரு கோடு. டேப்பை வைத்து அளந்தாள். எண்பது. நூலிழை கூடவில்லை, குறையவில்லை.

பக்கத்தில் நின்றதால் இருக்கும் என்று மூன்று எட்டு பின்னால் போனாள். தலை மேல்கோட்டில், செருப்பு கீழ்க்கோட்டில். சுவரில் முதுகு முட்டும் வரை போனாள். அப்போதும் அப்படியே. தள்ளி நின்றால் முழுசாகத் தெரியும் என்று எசென் சொன்னதும் தப்பு, ஸ்டேஷன் வரை போக வேண்டும் என்று அவள் சொன்னதும் தப்பு. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாதி உயரம், எங்கே நின்றாலும் பாதி உயரம். உடம்பிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணுக்கும் காலுக்கும் நடுவழியில் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். அவள் கடைசி நம்பிக்கையாக, கோடுகளுக்கு மேலேயும் கீழேயும் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைத்துவிட்டுப் பார்த்தாள். தலைமுதல் கால்வரை ஒரு குறையும் இல்லாமல் நின்றாள் புருல். முகம் மட்டும் கொஞ்சம் தொங்கிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. எசென், சாப்பாட்டுக்கு வந்திருந்தான். செய்தித்தாள் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"யாராவது தவறிட்டாங்களா, கண்ணாடியை மூடி வைக்க?"

"சுத்தம் பண்றேன்."

"பேப்பரை ஒட்டியா?"

"புது முறை. நீங்க கையைக் கழுவிட்டு உக்காருங்க."

ஒரு மாதம் அவள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினாள். எர்மெக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்: முடி வெட்ட வரும்போது எசென் கடையில் இருந்தால் பாடத்தைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. ஜூராவுக்கு எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு, போர்சோக், ஒரு தூக்குப் போனது. அவள் அதைத் தின்றுவிட்டு, நான் என்றைக்காவது மீன் தட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறேனா என்று கேட்டாள்.

ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு. மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எடுத்ததைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். எர்மெக், தலைமையாசிரியை, வெளியூரிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் என்று மூன்று பேர். அந்தத் தேர்வாளர் பாலிக்சிக் காற்றில் இறங்கியதுமே ஜலதோஷம் பிடித்து இரண்டு காதும் அடைத்துப் போயிருந்தார். புழுக்கத்துக்கு வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில், கதவுக்கு இரண்டடி தள்ளி, ஃபிளாஸ்க்கில் பால் தேநீரோடு எசென். மனைவியின் தேர்வு என்று அன்றைக்குப் பிஷ்கெக் ஓட்டத்துக்கே போகவில்லை.

புருல் சீட்டை எடுத்தாள். படித்தாள். மறுபடி கவிழ்த்தாள்.

"சத்தமா வாசிங்க" என்றார் தலைமையாசிரியை.

"நூற்று அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்..." என்று தொடங்கியவள் மீதியை முனகினாள்.

"விடை?" என்றார் வெளியூர்க்காரர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

"எண்பது" என்றாள், பக்கத்தில் இருந்தவரின் மேல்சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

"கேட்கல அம்மா."

"எண்பது."

"இன்னும் கொஞ்சம்."

"எண்பதுங்க. பாதி. ஆளுல பாதி கண்ணாடி போதும். எங்க நின்னாலும் போதும்."

தாழ்வாரத்தில் ஃபிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் புருலுக்குப் பேச்சு தானாக வந்தது. "ஆனா அது ஒரே ஒரு ஆளுக்கு. என் கடைக்கு நூத்துத் தொண்ணூறு உசரத்துல ஆளு வரும். ஒரு மீட்டர்ல குழந்தை வரும். உசந்தவன் உச்சந்தலையைப் பார்க்க, கண்ணுக்கும் உச்சிக்கும் நடுவுல, கண்ணாடி மேல நூத்து எண்பத்து நாலு வரைக்கும் போகணும். குழந்தை தன் காலைப் பார்க்கணும்னா அது கண்ணு உசரத்துல பாதியில, கீழ நாற்பத்தஞ்சுல இருந்தே ஆரம்பிக்கணும். ரெண்டையும் சேர்த்தா சுமாரா நூத்து நாற்பது வேணும். ஒரு மீட்டர் போதவே போதாது." கடைசி வரியைக் கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"உங்க கடைக் கண்ணாடி எவ்வளவு?" என்று கேட்டார் வெளியூர்க்காரர். இது சீட்டில் இல்லாத கேள்வி.

புருல் எர்மெக்கைப் பார்த்தாள். எர்மெக் கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு மீட்டர்" என்றாள். "அறுபது சென்டிமீட்டர் ஜாஸ்திதான்."

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டார்கள். ஐந்து போட்டிருப்பார்கள்; மின்னோட்டத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு அவள் முடி உலர்த்தியைப் பற்றியே பதில் சொல்லிவிட்டாள்.

எசென் வேனை வீட்டுப் பக்கம் திருப்பினான். ரயில் பாதையைக் கடந்தார்கள். கடைத்தெருவைக் கடந்தார்கள்.

"அறுபது சென்டிமீட்டர்" என்றான் கடைசியில், நிதானமாக, தேநீரை ருசிப்பதுபோல.

"நீங்க சொன்ன ஒரு மீட்டர்னா நாற்பது குறைஞ்சிருக்கும்."

"நான் கிட்டத்தட்டச் சொல்லிட்டேன்."

"கிட்டத்தட்டப் பார்த்துத்தான் ஜூராவோட தட்டியில இடிச்சீங்க. உங்க பக்கத்துக் கண்ணாடி குவியாடி. அதுல தெரியறதை விட ஆளு கிட்டத்துல இருக்கும். இதைப் படிக்காமலா பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுறீங்க?"

எசெனின் கண் தன்னையறியாமல் பக்கக் கண்ணாடிக்குப் போய்வந்தது. அன்றைக்கு மிச்ச தூரத்தை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான்.

தொழிற்பயிற்சிப் பள்ளி அலுவலக அம்மாள் சான்றிதழை வாங்கி, எந்தப் பாடத்தில் என்ன மதிப்பெண் என்று ஒரு முறைகூடப் பார்க்காமல் கோப்பில் போட்டாள். இரண்டு புகைப்படம் கேட்டாள்.

புகைப்படம் என்றால் புருலுக்கு வேப்பங்காய். எந்தப் படத்திலும் அவள் முகம் கோணலாகத்தான் விழும். வகிடு தப்பான பக்கம் இருக்கும், ஒரு புருவம் ஏறியிருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்தபோது அதை எடுத்த பெண்ணோடு சண்டை போட்டிருக்கிறாள். இந்த முறையும் படத்தை வாங்கியதும், "இது நான் இல்ல" என்று கல்லாவிலேயே சொன்னாள். சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். படத்தைக் கொண்டுபோய், அந்தப் புகைப்படக் கடையில் வாடிக்கையாளர்கள் தலைசீவ மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். அங்கே, அவளுக்குப் பழகிய முகம், வகிடு சரியான பக்கத்தில், இரண்டு புருவமும் ஒழுங்காகத் தோன்ற, அவளைப் பார்த்தது.

வெளியே வண்டியில் காத்திருந்த எசெனை உள்ளே இழுத்து வந்தாள். "இங்க பாருங்க. கண்ணாடியில இருக்கிறவதான் நான். இத்தனை வருஷமா நான் பார்க்கிறது இவளைத்தான்."

எசென் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"இதுதான் நீ" என்றான் படத்தைக் காட்டி. "அந்தப் பக்கம் நிக்கிறவளை எனக்குப் பழக்கமில்ல. கோணல் புருவம் இருக்கிறவளைத்தான் நான் கட்டிக்கிட்டேன்."

புருல் படங்களை உறையில் போட்டு, நான்கில் இரண்டை அலுவலகத்தில் கொடுத்தாள், ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்று எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. செப்டம்பர் முதல் தேதி வேலையில் சேர்ந்தாள். இப்போது காலையில் கடை, மத்தியானம் வகுப்பு. பதினான்கு பெண்கள் படிக்கிறார்கள். கத்தரி விலகிப் போனதற்காக யாரையும் அவள் திட்டுவதில்லை என்கிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் திட்டுகிறாள்.